பழைய ஹைபிரிட் காருக்குப் பேட்டரி மாற்றுகிறீர்களா? முதலில் ஃபேனைத் திறந்து பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 2014 டொயோட்டா கேம்ரி ஹைபிரிடுக்கு இதுவரை இரண்டு முறை பேட்டரி பேக் மாற்றியிருக்கிறோம். முதல் பேக் வயதாகிப் போனது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது பேக் பதினான்கே மாதத்தில் போனது. அதற்குக் காரணம் பேட்டரி இல்லை.

இரண்டாவது முறை வேலை செய்த மெக்கானிக் பேட்டரியைத் தொடுவதற்கு முன்பே அதன் கூலிங் ஃபேனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இதழ்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஏதோ படிந்திருந்தது. நகத்தால் நெம்பினால் சிறு பாய் போலவே உரிந்து வந்தது. தூசி, நாய் முடி, தேங்காய் நார்த்துகள் எல்லாம் சேர்ந்து இறுகிப்போயிருந்தன. முதல் முறை பழைய பேக்கைக் கழற்றிப் புதியதை வைத்த கடையில் இந்த ஃபேனைத் திறக்கவே இல்லை. திறக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது. இந்தத் தவறை மட்டும் நீங்கள் செய்யாமல் இருந்தால், நான் இதை எழுதியதற்குப் பலன் உண்டு.

ஃபேன் ஏன் இவ்வளவு முக்கியம்? இந்தக் காரில் பின் சீட்டுக்குப் பின்னால் 34 மாட்யூல்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு செல், ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், மொத்தம் 244.8 வோல்ட். இவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. இந்த வகை பேட்டரி சூடாக ஆக, உள்ளே வரும் சார்ஜை வாங்கிக்கொள்ளும் திறன் குறையும். வாங்காத மிச்சம் மறுபடியும் சூடாகவே மாறும். சூடு சூட்டை வளர்க்கும். அடுக்கின் நடுவில் இருக்கும் மாட்யூல்களுக்குச் சூடு வெளியேற வழி குறைவு என்பதால் பெரும்பாலும் அவைதான் முதலில் போகும். இதைத் தடுக்க இருப்பது அந்த ஒரு ஃபேன்தான். அது காருக்குள் இருக்கும் காற்றை, பின் சீட்டை ஒட்டிய துவாரம் வழியாக இழுத்து மாட்யூல்களுக்கு இடையில் ஓட்டுகிறது.

காருக்குள் இருக்கும் காற்று என்பதைக் கவனியுங்கள். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுக் கணவாயில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி வைத்த காரில் ஏறி, ஏசி போடாமல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வாளையாறு வரை போனால், பேட்டரிக்குக் கிடைப்பது அனல் காற்றும் தூசியும். கோயம்புத்தூரில் ஜவுளி மூட்டை வாங்கி வேலந்தாவளம் வழியாகத் திரும்பும்போது அதைப் பின் சீட்டில் அடைத்து வருவது எங்கள் வீட்டில் பல வருடப் பழக்கம். மூட்டை அந்தத் துவாரத்தை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஏசியை மிச்சம் பிடித்த காசைவிடப் பல மடங்கு பேட்டரிக்குக் கொடுத்தோம்.

அடுத்த தவறு, டேஷ்போர்டில் எச்சரிக்கை லைட் எரிந்ததுமே பேக் போய்விட்டது என்று முடிவு கட்டுவது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0ஏ80 (P0A80) என்ற பிழைக் குறியீடு வந்தால், பேட்டரியை மாற்று என்பதுதான் அதன் நேரடிப் பொருள். பத்து வயது தாண்டிய வண்டியில் பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தக் குறியீடு எப்படி வருகிறது என்று பாருங்கள். இரண்டிரண்டு மாட்யூலை ஒரு பிளாக்காக வைத்து, பிளாக்குகளுக்கு இடையே வோல்டேஜ் வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. வித்தியாசம் மிகுந்தால் குறியீடு விழும். அந்த வித்தியாசம் செல் தேய்ந்ததாலும் வரலாம், மாட்யூல்களை இணைக்கும் செம்புத் தகட்டில் களிம்பு ஏறியதாலும் வரலாம்.

கோபாலபுரத்து நண்பர் ஒருவரிடம், பேக் முழுக்கப் போச்சு, லட்சக்கணக்கில் ஆகும் என்று ஓர் இடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் மனசு கேட்காமல் பாலக்காட்டில் ஒரு சேட்டனிடம் காட்டினார். மூடியைத் திறந்ததும் சேட்டன் சொன்ன முதல் வார்த்தை, "சாரே, கிளாவு." நாம் களிம்பு என்பதை மலையாளத்தில் கிளாவு என்பார்கள். இரண்டு தகடுகளின் முனையில் பாசி போலப் பச்சை படர்ந்திருந்தது. தகடுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, மோசமான இரண்டை மாற்றினார்கள். வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

வண்டி நிற்கும்போது எடுத்த வோல்டேஜ் அளவை மட்டும் நம்ப வேண்டாம். சோர்ந்த மாட்யூலும் சும்மா இருக்கும்போது நல்ல வோல்டேஜ் காட்டும். ஸ்கேனரை மாட்டியபடி ஓட்டி, மேட்டில் ஏறும்போது எந்த பிளாக் மற்றவற்றைவிடக் கீழே விழுகிறது, பிரேக் பிடிக்கும்போது எது சட்டென்று மேலே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடவே டிக்கியில் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரியையும் சோதியுங்கள். அது பலவீனமானால் டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத லைட்டெல்லாம் எரியும்.

மாருதி சியாஸ், எர்டிகாவில் 2015 முதல் வந்த ஸ்மார்ட் ஹைபிரிட் வேறு ரகம். அதில் இந்த உயர் வோல்டேஜ் பேக் கிடையாது. அதற்கும் இதே செலவு ஆகும் என்று யாராவது சொன்னால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

சரி, பேக் நிஜமாகவே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது காதுக்கு இனிமையாக ஒரு யோசனை வரும்: கெட்ட ஒரு மாட்யூலை மட்டும் மாற்றிவிடலாம், செலவு குறைவு. இளங்காளையையும் கிழட்டு மாட்டையும் ஒரே வண்டியில் பூட்டினால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்யூல்கள் எல்லாம் ஒரே தொடரில் இருப்பவை, எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் போகும். புதிய மாட்யூலின் கொள்ளளவு 6.5 ஆம்பியர் மணி. பக்கத்தில் இருப்பவை அதில் பாதிக்குத் தேய்ந்திருந்தால், அடுத்த சில மாதங்களில் வேறொன்று விழும், அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் பின் சீட்டைக் கழற்றும் கூலியைக் கணக்குப் போட்டால், முழுப் பேக்கின் விலை பெரிதாகத் தெரியாது. வண்டியை விற்கும் முன் சில வாரம் ஓட்டுவதற்காகச் செய்கிறவர்கள் உண்டு. அது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம்.

பழைய பேக் வாங்குவதிலும் இதே ஆபத்து. கிலோமீட்டர் குறைவு என்று சொல்லி விற்பார்கள். இந்தப் பக்கத்தில் அது உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் சொந்தக்காரர் வளைகுடாவில் இருப்பார், கார் ஷெட்டில் தூங்கும். ஆனால் நிக்கல் பேட்டரி சும்மா கிடந்தாலே சார்ஜை இழக்கும், மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தால் செல் கெடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவி கொடுக்கும்போது இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: ஸ்டார்ட் செய்துவிட்டு நியூட்ரலில் வைத்தால் பேட்டரி சார்ஜே ஆகாது, பார்க்கில்தான் வைக்க வேண்டும்.

லித்தியம் பேக் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் மாடலுக்கென்றே செய்ததா, ஒவ்வொரு செல்லையும் காக்கும் சர்க்யூட் உள்ளே இருக்கிறதா, வாளையாறு தாண்டி வந்து வாரண்டி வேலை செய்வார்களா, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். காரின் கம்ப்யூட்டர் நிக்கலின் வோல்டேஜைப் பார்த்துப் பழகியது, லித்தியத்தின் ஏற்ற இறக்கம் வேறு. இந்த வெயிலுக்கும் என் வண்டிக்கும் நான் நிக்கலோடுதான் நின்றேன்.

இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. யூடியூப் பார்த்து வீட்டிலேயே பேக்கைத் திறக்காதீர்கள். 244 வோல்ட் நேர் மின்சாரம் ஆளைக் கொல்லும். சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயமில்லை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அந்த பிளக் பேக்கை இரண்டு துண்டாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டிலும் மின்சாரம் அப்படியேதான் இருக்கிறது. காரின் இன்வெர்ட்டரில் இருக்கும் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய, பிளக்கை எடுத்த பிறகு குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். வேலை செய்கிறவர் 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டிருக்கிறாரா, மோதிரம், வாட்ச், செயின் எல்லாம் கழற்றியிருக்கிறாரா என்று நீங்களே பாருங்கள். பாத்திரம் கழுவும் கையுறையோடு வந்த ஒருவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டார், பரவாயில்லை. பேக்கில் கசிவு இருந்தால் அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலையும் கண்ணையும் அரித்துவிடும் காரம். வெறும் கையால் துடைக்கக் கூடாது.

பூட்டும்போது நடக்கும் பெரிய தவறு, நட்டை அழுத்தி முறுக்குவது. மாட்யூலின் முனை பிளாஸ்டிக்கில் புதைந்திருக்கும், அதிகம் இறுக்கினால் உள்ளேயே சுற்றிவிடும். டொயோட்டாவின் இன்னொரு ஹைபிரிட் காரான பிரியஸுக்கு 5.4 நியூட்டன் மீட்டர்தான் அளவு. அது இரண்டு விரலால் ஸ்பேனரைத் திருகும் பலம் மாதிரி. இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

பில்லைப் பொறுத்தவரை, கோயம்புத்தூரிலிருந்து வாங்கிக் கேரளாவுக்குக் கொண்டுவந்தால் ஜிஎஸ்டி பில்லில் பேக்கின் சீரியல் எண்ணையும் தயாரித்த தேதியையும் எழுதச் சொல்லுங்கள். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டும், அதை விற்பவரே எடுத்துக் கொடுக்கட்டும். பழைய பேக்கை ஆக்கர் (பழைய சாமான் வாங்கும்) வண்டிக்குப் போடக் கூடாது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். அதில் இருக்கும் நிக்கலுக்கு விலை உண்டு, எனவே திருப்பிக் கொடுக்கும்போது பில்லில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மூன்றாவது பேக் இப்போது எங்கள் வண்டியில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபேனைக் கழற்றி, டூத் பிரஷால் இதழ் இதழாகத் துடைக்கச் சொல்கிறேன். போன வாரம் துடைத்தபோது ஒரு தேக்கரண்டி அளவு தூசிதான் வந்தது. ஜவுளி மூட்டை டிக்கியில் போகிறது.