நீண்ட நாள் உழைக்கும் லேப்டாப்: புதிய ப்ராசஸருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பள்ளிப் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் காட்டுவது ப்ராசஸர் ஸ்டிக்கரைத்தான். இந்தத் தலைமுறை வாங்கினால் கூட ரெண்டு வருஷம் ஓடும் என்பார். அந்த ரேண்டை எண்ணிக் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

படி 1: இப்போது இருப்பதைச் சோதியுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே பாருங்கள். ப்ராசஸர் 30 சதவீதத்தில் கிடக்க, மெமரி 90-ஐத் தொட்டால் குற்றவாளி ரேம், அதாவது அந்த மெமரிதான். டிஸ்க் 100-இலேயே நின்றால், அது பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டாலே ஆள் மாறிவிடும். இந்த இரண்டுக்கும் புது லேப்டாப் தேவையே இல்லை.

படி 2: கோடு எங்கே இருக்கிறது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறையோ, லேப்டாப்பில் ஏஎம்டி ரைசன் 3000 வரிசையோ, அதற்குப் பிந்தியதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இதற்குக் கீழே உள்ளதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விண்டோஸுக்கென்று வாங்காதீர்கள். பழைய மாடல் வாங்குவதில் உண்மையான ஆயுள் பிரச்சினை இது ஒன்றுதான். வீடியோ அதிகம் பார்ப்பவர் இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைத் தனிச் சுற்றிலேயே விரிக்கும் வசதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அது இல்லாவிட்டால் முழுச் சுமையும் ப்ராசஸர் தலையில் விழும், ஃபேன் அலறும்.

படி 3: எண்ணைப் படியுங்கள்

ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இன்டெலின் ஐ5-1235யூ 12-ஆம் தலைமுறை, ஐ5-1335யூ 13-ஆம் தலைமுறை. இரண்டிலும் 10 கோர்களே (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகள்): 2 பெரியவை, 8 சிறியவை. உச்ச வேகம் 4.4-இலிருந்து 4.6 கிகாஹெர்ட்ஸ் ஆனது. பிறகு வந்த கோர் 5 120யூவிலும் அதே 2-உம் 8-உம்தான், பெயர்தான் புதிது. எழுதப் படிக்க, இணையம் பார்க்க இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், எந்தக் கால வடிவமைப்பு என்பதை அதுதான் சொல்லும். 7520யூவில் அது 2, அதாவது 2019-இல் வந்த ஸென் 2 வடிவமைப்பு, கோர்களும் நாலே. 7530யூவில் ஸென் 3, 7640யூவில் ஸென் 4. முதல் இலக்கமான 7-ஐப் பார்த்துப் புதிது என்று நம்பினால் போச்சு. 7520யூவுக்கு ரேமும் மதர்போர்டிலேயே ஒட்டித்தான் வரும், பிறகு கூட்ட முடியாது.

படி 4: மிச்சத்தை எதில் போடுவது

ஒரு தலைமுறை பின்னால் இருப்பதை எடுத்து, மிச்சத்தை ரேமில் போடுங்கள். 16 ஜிபி வேண்டும். 8 ஜிபி மட்டும் கிடைத்தால், காலி ஸ்லாட் இருக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடிவிட்டு வாங்குங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் எஸ்எஸ்டியை ரேமாகப் பயன்படுத்தும். எந்தத் தலைமுறை ப்ராசஸரும் அப்போது காத்துத்தான் நிற்கும். எஸ்எஸ்டி 512 ஜிபி போதும்.

படி 5: முதலில் சாவது எது?

ப்ராசஸர் சாவது அபூர்வம். பேட்டரி, கீல், ஃபேன், சார்ஜர் இவைதான் முந்தும். பேட்டரி ஸ்க்ரூ கழற்றி மாற்றக்கூடியதா, டர்பனில் உதிரி கிடைக்குமா என்று கேளுங்கள். கடற்கரைப் பக்கம் ஈரமும் உப்பும் தூசியோடு சேர்ந்து ஃபேன் துவாரத்தை அடைக்கும். சூடு 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது புதியதும் பழையதும் ஒன்றே. வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து துடையுங்கள்.

லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) குறைந்துவிட்டாலும் கரண்ட் போய்த் திரும்பும் நொடியில் வரும் மின் எழுச்சி சார்ஜரைச் சுட்டுவிடலாம். சர்ஜ் ப்ளக் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

படி 6: கடையை விட்டு வரும் முன்

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் குறை இருந்தால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பையோ மாற்றுப் பொருளையோ பணத்தையோ கேட்கலாம். தெரிந்தவரிடம் தனியாக வாங்கும் பழைய லேப்டாப்புக்கு இது உதவாது. ஸ்லிப்பை அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்தக் காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும்.