மலைப்பாதைக்கு எந்த கார் என்பதைவிட எந்த கியர் என்பதே முக்கியம்

கார் பிரியர்கள் பேச ஆரம்பித்தால் எத்தனை பிஎச்பி, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை செகண்டில் தொடும், சன்ரூஃப் இருக்கிறதா என்றுதான் பேச்சு போகும். நெடுஞ்சாலைக்கு அதெல்லாம் சரி. ஊட்டி, ஏற்காடு, வால்பாறை என்று மலை ஏறி இறங்கும்போது கணக்கே வேறு. நல்ல காரை வைத்துக்கொண்டு தவறான பழக்கத்தால் அதைக் கெடுப்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம்.

அந்தப் பழக்கங்களில் முதல் இடம் நியூட்ரலுக்குத்தான். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை கார்புரேட்டர் காலத்தோடு போயிருக்க வேண்டும். இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜினில், வண்டி கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் அனேகமாக முழுவதும் நின்றுவிடும். சக்கரங்களே என்ஜினைச் சுற்றவைக்கும். நியூட்ரலில் போட்டாலோ என்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் வேண்டும். ஆக, மிச்சம் பிடிக்கப்போய் கூடுதலாகத்தான் செலவாகிறது. என்ஜினையே ஆஃப் செய்துவிட்டு உருட்டுவது இன்னும் மோசம். இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்ததும் பெடலை லேசாக்கும் பூஸ்டரில் உள்ள வேக்யூம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

பிரேக் மீது எவ்வளவு சுமை விழுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் அதற்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே. ஆட்களும் பெட்டிகளுமாக ஒன்றரை டன் எடையுள்ள கார் அவ்வளவு தூரம் கீழே வரும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் ஏழே முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். காற்றும் டயர் உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை, குறைந்த கியரில் இழுத்துப் பிடிக்கும் என்ஜினும் பிரேக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நியூட்ரலிலோ டாப் கியரிலோ இறங்கினால் அந்த மீதியில் பெரும்பகுதி பிரேக் தலையில்தான். டிஸ்க் பழுத்து, பேட் கருகி வாசனை வரும். குன்னூர் சாலையில் பர்லியார் பக்கம் சக்கரத்திலிருந்து புகை வர ஓரம்கட்டி நிற்கும் கார்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

பிரேக் ஆயிலை யாரும் கவனிப்பதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான தர அளவே 140 டிகிரிதான். ஆயில் கொதித்துக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது சர்வீஸ் சென்டர் வருமானத்துக்காக என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வாங்கியவர்கள் ‘டி’யில் போட்டுவிட்டால் எல்லாவற்றையும் வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். இறக்கத்தில் ஏஎம்டி (சாதாரண கியர்பாக்ஸிலேயே கிளட்ச், கியரைத் தானாக மாற்றும் வகை), பாரத்தைப் புரிந்துகொள்ளாமல் மேல் கியருக்குப் போகலாம். மேனுவல் மோடுக்கு இழுத்து, இரண்டாவது கியரில் பிடித்து வையுங்கள். சிவிடியில் (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) ‘எல்’ அல்லது ‘எஸ்’ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஏற்றத்து டிராஃபிக்கில் இன்னொரு தவறு நடக்கிறது: பின்னால் உருளாமல் இருக்க லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பது. ஏஎம்டியிலும் டிசிடியிலும் (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) உள்ளே இருப்பது கிளட்ச்தான். அப்படிப் பிடித்தால் அது வழுக்கியபடியே சூடேறும். ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள், ஆட்டோ ஹோல்டு இருந்தால் ஆன் செய்யுங்கள். ஏற்றத்தில் கிளம்பும்போது பின்னால் உருளாமல் தடுக்கும் ஹில் ஹோல்டு ஓரிரண்டு செகண்ட்தான் பிடிக்கும், அதை நம்பி பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது.

“சின்ன கார் மலை ஏறாது” என்பதையும் அடிக்கடி கேட்கிறோம். உயரம் கூடக்கூட காற்று அடர்த்தி குறைவதால், டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத என்ஜின் ஊட்டி உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும் என்பது உண்மை. ஆனாலும் ஏறாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டுபவர்தான். மாருதியின் டர்போ இல்லாத 1.2 லிட்டர் டூயல்ஜெட் என்ஜின் தன் முழு டார்க்கான (சுழற்றும் விசை) 113 நியூட்டன் மீட்டரை 4,400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தான் தரும். ஹூண்டாயின் 1.0 லிட்டர் டர்போவோ 172 நியூட்டன் மீட்டரை 1,500 ஆர்பிஎம்மிலேயே தந்துவிடும். முதல் காரை மைலேஜ் ஆசையில் மூன்றாவது கியரில் திணறவிட்டுவிட்டு ‘இழுக்கலை’ என்று குறை சொல்வதில் நியாயமில்லை. இரண்டாவதுக்கு இறக்கி, என்ஜின் சத்தம் போட்டால் போடட்டும் என்று விட்டால் அழகாக ஏறும். டர்போ வைத்திருப்பவர்களும் கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றாமல் ஆர்பிஎம் 1,500-க்குக் கீழே விழவிட்டால் டர்போ லேக்கில், அதாவது மிதித்தும் சக்தி வரத் தாமதமாவதில், மாட்டிக்கொள்வார்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

டயர் விஷயத்தில் அழகுக்காக அலாய் வீலை இரண்டு இன்ச் பெரிதாக்குவது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. பக்கச் சுவர் மெலிந்து, குழியில் இறங்கினால் ரிம் அடிபடும். அந்தப் பணத்துக்கு கம்பெனி அளவிலேயே நல்ல பிடிமானமுள்ள டயர் வாங்கலாம். டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் ‘DOT’ என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயவில்லை என்றாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் வழுக்கும்.

வேரியன்ட் தேர்வில் சன்ரூஃபா இஎஸ்சியா (வண்டி சறுக்காமல் நிலைப்படுத்தும் வசதி) என்று வந்தால், யோசிக்காமல் இஎஸ்சிதான். ஈரமான வளைவில் வண்டி அலையும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் தனியாக பிரேக் கொடுக்க உங்கள் காலால் முடியாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் அதிர்வதைக் கண்டு பயந்து சிலர் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். ஏபிஎஸ் இருப்பதே அதற்காகத்தான்.

எலெக்ட்ரிக் கார்காரர்களுக்கும் ஒன்று. ஊட்டியிலேயே பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் ரீஜென் மின்சாரம், அதாவது வேகம் குறையும்போது மோட்டார் உண்டாக்கும் மின்சாரம், போக இடமிருக்காது. காலை எடுத்தாலும் வண்டி வேகம் குறையாமல் ஓடும், முழு பாரமும் பிரேக்குக்குப் போகும். 80 சதவீதத்தோடு கிளம்பினாலே மேட்டுப்பாளையத்தில் அதைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.