மழையே இல்லாமல் நனைந்த பரண்

வீடு கட்டி 2 ஆண்டுகள்தான் ஆகின்றன. பொருள்கள் வைக்க இடம் போதாமல், வாசலில் தகர ஷீட் கூரையுடன் போர்டிகோ எடுத்து, கூரைக்கு அடியில் நாற்புறமும் பிளைவுட் அடைத்த பரணும் வைத்தோம். மார்கழி பிறந்ததும் பரணில் இருந்த அட்டைப்பெட்டிகள் காலையில் நனைந்து கிடந்தன.

ஷீட் சுவரோடு சேரும் இடத்தில் ஒழுகுகிறது என்றார் மேஸ்திரி. அங்கே சிலிக்கான் பூசினோம். பிறகு திருகாணிகளின் ரப்பர் வாஷர்களை மாற்றினோம். 5 நாட்கள் போயின, ஈரம் போகவில்லை.

அந்த 5 நாட்களில் ஒரு துளி மழைகூட இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. சுவரோரம் சுண்ணாம்புத் தூள் தூவி வைத்தேன். காலையில் தூள் உலர்ந்தே இருந்தது; நடுவில் இருந்த பெட்டிகளின் மேல்புறம் மட்டும் ஈரம். விடியுமுன் டார்ச் அடித்துப் பார்த்தால், ஷீட்டின் அடிப்பக்கம் முழுவதும் வியர்த்திருந்தது! திறந்த வானத்தின் கீழ் தகரம் இரவில் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. பரணுக்குள் அடைபட்ட ஈரக்காற்று அதில் பட்டு நீராகிறது.

பரணின் இரு முனைகளிலும் பலகையை அறுத்துக் கம்பிவலை வைத்தோம். ஷீட்டைக் கழற்றி, அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய நுரைத்தாளை விரித்தோம். நுரைத்தாள் இணைப்புகளில் டேப் ஒட்டுவது கட்டாயம்: ஒட்டாமல் விட்ட ஒரு மூலையில் மட்டும் மறுநாளும் சொட்டியது. அதையும் ஒட்டியபின் பெட்டிகள் காய்ந்தே இருக்கின்றன. இப்போதுதான் நிம்மதி.