நீட்டினால் மட்டும் நெடிலாகாது: ஆங்கில உயிரொலிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிப்பதாக ஆங்கிலத்தில் சொல்ல வந்த தொடக்கநிலை 2 மாணவி ஒருத்தி, லிவ் என்பதை லீவ் என்றாள். வசிப்பது விட்டுப்போவதாகிவிட்டது. "குறுக்கிச் சொல், கண்ணு" என்றேன். அவளும் குறுக்கினாள், அதே லீவ், முன்னைவிட வேகமாக வந்தது. தவறு அவளுடையதன்று, நான் சொல்லிக்கொடுத்த முறையினுடையது. நம் வீடுகளில் பலரும் அதே முறையில்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

விடு, வீடு, முடி, மூடி. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. வாய் அதிகம் மாறுவதில்லை, நேரம்தான் மாறுகிறது. ஆங்கிலத்தில் நாக்கே இடம் மாறுகிறது. லீவ் என்னும்போது நாக்கு மேலெழுந்து முன்னே வரும், உதடுகள் புன்னகைபோல் விரியும். லிவ் என்னும்போது நாக்கு சற்றே தாழ்ந்து தளரும். ஒலி நம் இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். கப்பலைக் குறிக்கும் ஷிப்பை எவ்வளவு நேரம் இழுத்தாலும் அது செம்மறி ஆடாகிய ஷீப் ஆகாது. நீச்சல் குளமாகிய பூலுக்கு உதடுகள் இறுகக் குவியும். கதவில் 'இழு' என்னும் பொருளில் எழுதியிருக்கும் புல்லுக்கு அவை தளர்ந்தே இருக்கும். குழந்தையின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிடுங்கள். காலத்தை எண்ணச் சொல்வதைவிட அது விரைவில் பலன் தரும்.

நேரத்தை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருக்கையும் சீட், விதையும் சீட் என்றே தமிழில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இருக்கையின் ஈகாரம் சுருங்கி ஒலிக்கும்; விதையின் ஈகாரம், பின்னால் வரும், 'வீடு' என்பதில் உள்ளதுபோன்ற மெல்லோசை டகரத்தால், நீண்டு ஒலிக்கும். இரண்டுமே நெடில்தான். குழந்தையைக் குறிக்கும் கிட் குறில். ஆயினும் இருக்கையின் நெடிலும் இந்தக் குறிலும் ஏறக்குறைய ஒரே நேரம் ஒலிப்பதுண்டு. காலத்தை மட்டும் கவனிக்கும் காது இங்கே தடுமாறிப்போகும்.

என் கணிப்பில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆங்கிலச் சொல்லின் ஒலியைத் தமிழ் எழுத்தைப் பார்த்து முடிவுசெய்வது. டாக்டர், ஷாப், பாக்ஸ், லாக் என்று ஆகாரம் போட்டு எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இவை அத்தனையும் குறில்; சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் உதடு குவித்துச் சொல்லும், ஒகரத்தை ஒட்டிய ஒலி. ஆகாரமாகவே சொன்னால், சூட்டைக் குறிக்கும் ஹாட், ரகரம் ஒலிக்காத நம் ஊர்ப் பேச்சில் இதயமாகிய ஹார்ட் ஆகிவிடும். பேங்க், பேட், மேன் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. ஏகாரத்தைக் கடன் வாங்கினோம். அது ஏகாரமன்று. தாடை நன்றாக இறங்க வேண்டும், வாய் அகல வேண்டும். இறங்காவிட்டால் பை என்னும் பொருளுள்ள பேக், கெஞ்சுவதைக் குறிக்கும் பெக்காகக் கேட்கும். பாலர்பள்ளிப் பயிற்சித்தாளில் குறிலைத் தேடச் சொன்னால், தமிழில் எழுதிப் பார்க்கும் அம்மா டாக்டரை நெடிலில் சேர்த்துவிடுகிறார். பிள்ளையின் விடைதான் சரி, திருத்தம்தான் தவறு.

அந்தப் பயிற்சித்தாளில் 'நீண்ட ஒலி' என்றால் பொருளே வேறு. ஆங்கில எழுத்து தன் பெயரையே ஒலிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்: கேக்கில் ஏ, கைட்டில் ஐ, நோட்டில் ஓ, கியூட்டில் யூ. கார் என்பதன் ஆகாரம் காதுக்கு நீளம்தான். ஆனாலும் இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. இந்தக் குழப்பத்துக்கு வரலாறு உண்டு. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்கள் வாய்க்குள் இடம்பெயர்ந்தன. நேம் என்பது முன்பு 'நாம' என்பதுபோல் ஒலித்தது. நம் நாமமும் அதுவும் ஒரே வேரின் கிளைகள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். எழுத்து பழைய இடத்திலேயே நின்றுவிட, ஒலி மட்டும் நகர்ந்துபோனது. நாமும் ஐகாரத்தை நெடிலில்தான் சேர்த்திருக்கிறோம். ஆகவே கைட்டை நெடில் என்பது தமிழ்ப் பிள்ளைக்கு வியப்பாக இருக்காது.

எழுத்துக்கூட்டல் விதிகளையும் வேதமாகக் கொள்ளாதீர்கள். இரட்டை ஓ எழுத்து உணவாகிய ஃபூடில் நெடில், பாதத்தைக் குறிக்கும் ஃபுட்டில் குறில், இரத்தமாகிய பிளட்டில் அகரம். இறுதியில் ஒலிக்காத ஈ எழுத்து வந்தால் முன்னுள்ள உயிர் நீளும் என்பார்கள். கிவ், லவ், கம் ஆகியவை அதற்குக் கட்டுப்படுவதில்லை.

மலாயிலும் மாண்டரினிலும் உயிரின் நீளம் சொற்பொருளை மாற்றுவதில்லை. நம் ஊர் ஆங்கிலத்தில் ஷிப்பும் ஷீப்பும் கலந்து ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழ்ப் பிள்ளைக்கு நீளத்தைக் கேட்கும் காது ஏற்கெனவே இருக்கிறது. அதனோடு நாக்கின் இடத்தைச் சேர்த்துக்கொண்டால் போதும். கேக்கின் ஏகாரத்தை லண்டன்காரர்போல் வளைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொருள் கெடும் இடங்களைக் கவனித்தால் போதும். பிள்ளையைச் சொல்லச் சொல்வதற்கு முன்பு கேட்கச் சொல்லுங்கள். அகராதிச் செயலியில் இரண்டு சொற்களை ஒலிக்கவிட்டு, எது கப்பல், எது ஆடு என்று படத்தைத் தொடச் செய்யுங்கள். பத்தில் ஒன்பது சரியாக வந்த பிறகு வாய்க்கு வேலை கொடுக்கலாம்.

கிழக்கு-மேற்கு ரயில் பாதையில் மேற்கே போகும்போது அந்த மாணவியும் நானும் நிலையப் பெயர்களைப் பிரித்துப் பார்ப்போம். ரெட்ஹில்லில் இரண்டும் குறில். அடுத்த நிலையமான குவீன்ஸ்டவுனில் உதடு விரிகிறது. டோவரில் ஓ தன் பெயரைச் சொல்கிறது. லேக்சைடில் ஒலிக்காத ஈ இரண்டு முறை வேலை செய்கிறது. பூன் லேயில் உதட்டை இறுகக் குவித்தவள், வடக்கே உள்ள உட்லண்ட்ஸிலும் அதே இரட்டை ஓ இருக்க, உதடு ஏன் தளர்கிறது என்று கேட்டாள். அடுத்த நிலையம் வரும்வரை இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்லி, ரயில் கண்ணாடியில் தன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.