ஸ்காட்லாந்தில் சாப்பாடு கேட்டு வாங்கும் முறை

பல வீடுகளில் "டின்னர்" என்றால் மதியச் சாப்பாடு, மாலைச் சாப்பாடு "டீ". டீக்கு அழைத்தால் பிஸ்கட்டோடு முடியாது, முழுச் சாப்பாடே இருக்கும், பசியோடு போங்கள். டின்னருக்கு அழைத்தால் மணியையும் கேட்டுவிடுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது மீன் பொரிக்கும் கடையில்தான். அங்கே "சப்பர்" என்பது இரவு உணவல்ல, சிப்ஸ், அதாவது பொரித்த தடித்த உருளைக்கிழங்குத் துண்டுகள், சேர்ந்தது என்று பொருள். "ஃபிஷ் சப்பர்" என்றால் மீனும் சிப்ஸும். மீன் மட்டும் போதுமென்றால் "சிங்கிள் ஃபிஷ்". எடின்பரோவில் உடனே "சால்ட் அண்ட் சாஸ்?" என்பார்கள். அந்த சாஸ் தக்காளி அல்ல. வினிகரோ தண்ணீரோ விட்டு நீர்க்கவைத்த பழுப்பு சாஸ். புரியாமல் தலையாட்டினால் சிப்ஸ் மேலேயே ஊற்றிவிடுவார்கள், பிறகு மாற்ற முடியாது. வினிகர் வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லுங்கள். கிளாஸ்கோவில் உப்பும் வினிகரும்தான் வழக்கம்.

கிளாஸ்கோவில் "பீஸ்" என்றால் சாண்ட்விச், "ஜிஞ்சர்" என்றால் எந்த சோடா பானமும். இஞ்சிச் சுவைதான் வேண்டுமென்றால் "ஜிஞ்சர் பீர்" என்று முழுசாகக் கேளுங்கள்.

அபர்டீனின் தட்டையான, உப்புத் தூக்கலான ரொட்டி "ரோவி". அதையே "பட்டரி" என்றும் சொல்வார்கள். பெயரில் வெண்ணெய் இருந்தாலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது மரபு, சைவர்கள் விசாரித்தே வாங்க வேண்டும்.

ஃபோர்ஃபர் என்ற ஊரின் இறைச்சிப் பலகாரமான "பிரைடி"யில் மேலே ஒரு துளை என்றால் வெங்காயம் இல்லை, இரண்டு என்றால் உண்டு.