மூலிகையை ஒட்டுண்ணிக்கு எதிராகச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒட்டுண்ணியின் மேல் ஒரு செடியின் சாற்றை ஊற்றினால் அது செத்துப்போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அளவைக் கூட்டினால் உப்புக்கரைசலும் அதைக் கொல்லும். மூலிகை ஆய்வு எதையாவது படிக்கும்போது நான் முதலில் தேடுவது, அந்தச் செடி தோற்பதற்கு அந்தச் சோதனையில் வழி இருந்ததா என்பதைத்தான். பல ஆய்வுகளில் அப்படி ஒரு வழியே இருப்பதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் மண்புழு. குடற்புழுவை ஒழிக்கும் மூலிகை என்று வெளியாகும் கட்டுரைகளில் ஏராளமானவை மண்புழுவை வைத்துச் செய்தவை. சுலபமாகக் கிடைக்கும், தட்டில் விட்டு, எத்தனை நிமிடத்தில் அசைவு நின்றது, எப்போது செத்தது என்று குறித்துக்கொண்டால் கட்டுரை தயார். ஆனால் மண்புழு வளைதசைப்புழு வகை. மனிதக் குடலில் வாழும் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் முற்றிலும் வேறு தொகுதியைச் சேர்ந்தவை. அவற்றின் உடலைக் கெட்டியான மேலுறை மூடியிருக்கிறது. மண்புழுவோ ஈரத்தோலால் மூச்சுவிடும் பிராணி, எரிச்சலூட்டும் எதிலும் துவண்டுவிடும். அப்புறம், கொடுக்கும் அளவு. மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றெல்லாம் போடுகிறார்கள். அது 5 சதவீதக் கரைசல். நோயாளியின் ரத்தத்தில் அதன் அருகில்கூடப் போக முடியாது. ஆட்டின் வயிற்றில் வாழும் ஹீமாங்கஸ் புழுவின் முட்டை பொரிகிறதா என்று பார்ப்பது, பிறகு தொற்றுள்ள ஆட்டின் சாணத்தில் முட்டை எண்ணிக்கை குறைகிறதா என்று பார்ப்பது போன்ற முறைகள் இருக்கும்போது மண்புழுவோடு நிறுத்திக்கொள்ளக் காரணமே இல்லை.

மலேரியா ஆய்வில் இதே தவறு வேறு உருவில் வரும். அந்தக் கிருமி சிவப்பணுவுக்குள் வளர்கிறது. சில செடிகளில் உள்ள, சோப்புபோல நுரைக்கும் சபோனின் என்ற பொருள் சிவப்பணுவையே உடைத்துவிடும், உள்ளே இருந்த கிருமியும் சாகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். அதனால் அதே சாற்றை மனித செல்களின் மேலும் சோதிக்க வேண்டும். கிருமியைக் கொல்லும் அளவைப்போலக் குறைந்தது பத்து மடங்கு கொடுத்தால்தான் செல் பாதிக்கப்படுகிறது என்றிருந்தால் மேலே போகலாம். சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய திரவத்தை மட்டும் தனியாகப் போட்டுப் பார்ப்பதும், ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு மருந்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் அடிப்படை. இவை இல்லாத கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

ஒட்டுண்ணியின் எந்தப் பருவத்தைச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் வளர்ப்பது எளிது என்பதால், அந்த ஈயின் உடலில் இருக்கும் வால் முளைத்த வடிவத்தைச் சோதித்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். நோயாளியின் உடலில் நோய் தருவது, வெள்ளணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் வேறொரு வடிவம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு: நல்ல செடியைத் தப்பாகத் தயாரித்து, பயனில்லை என்று ஒதுக்கிவிடுவது. சீனாவில் 1967-இல் தொடங்கிய மலேரியா மருந்துத் திட்டத்தில், சிங்ஹாவ் என்ற செடியைச் சோதித்த விஞ்ஞானி து யூயூவின் குழுவுக்கு முதலில் சீரான முடிவு கிடைக்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈத்தரால் சாறு எடுத்தார்கள். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் மலேரியாவை முழுதாக அடக்கியது. அதிலிருந்து வந்த ஆர்டிமிசினின் என்ற மருந்துக்காக து யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே பழம்பெயரில் பல இனங்கள் புழங்கியதும், மருந்து முக்கியமாக இலையில் இருந்ததும் அந்தக் குழு சந்தித்த சிக்கல்கள். ஆகவே செடியின் இனம், எந்தப் பாகம், எப்போது பறித்தது என்பதை எழுதி வைக்க வேண்டும். காய்ந்த மாதிரி ஒன்றைத் தாவரக் காப்பகத்தில் சேர்த்துவிட வேண்டும்.

காலங்காலமாகப் புழங்கியது என்பதால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கொக்கிப்புழுவுக்கு ஒரு காலத்தில் பரவலாகக் கொடுக்கப்பட்ட கீனோபோடியம் எண்ணெய் நோயாளிகளைக் கொன்றிருக்கிறது. நாடாப்புழுவுக்குத் தரப்பட்ட ஆண் பெரணிச் சாற்றால் பார்வை போனவர்கள் உண்டு.

மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்தில் அதிகம் ஏமாற்றுவது காய்ச்சல். மலேரியா அடிக்கடி வரும் ஊர்களில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். மருந்தில்லாமலே காய்ச்சல் இறங்கலாம். எனவே 'குணமாகிவிட்டது' என்று அவர்கள் சொல்வது போதாது, ரத்தத்தில் கிருமியை எண்ண வேண்டும், வழக்கமான சிகிச்சை பெறும் குழுவோடு ஒப்பிட வேண்டும். குறைந்தது 28 நாள் கவனிக்கவும் வேண்டும். ஆர்டிமிசினினைக்கூடத் தனியாகச் சில நாள் கொடுத்து நிறுத்தினால் பலருக்குக் கிருமி மறுபடி தலைதூக்கும். திரும்பி வந்தது பழைய தொற்றா, புதிய கொசுக்கடியால் வந்ததா என்று மரபணுச் சோதனையில் பிரித்துப் பார்க்கலாம். மலேரியாவில் மிகக் கொடிய வகையான ஃபால்சிபாரம் மலேரியா உள்ள குழந்தையிடம் இந்தக் காத்திருப்புக்கெல்லாம் இடமில்லை. சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகிவிடும். உறுதியான மருந்தை எந்தக் கட்டத்தில் கொடுப்பது என்பதை, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதி முடிவு செய்திருக்க வேண்டும்.