பிள்ளையோடு தனியாக இங்கிலாந்துக்கு பிஎச்டி படிக்க வரும் அம்மாக்களுக்கு

முதலில் படிப்பின் வகையைப் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து எம்எஸ்சி, எம்ஏ போன்ற பாடவழிப் படிப்புக்கு வருபவர்கள் பிள்ளையை அழைத்து வர முடியாது. அரசாங்க உதவித்தொகையில் வருபவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பிஎச்டிக்கும் ஆராய்ச்சி முதுகலைக்கும் வழி திறந்திருக்கிறது, ஆனால் முழுநேரமாகப் படிக்க வேண்டும். "கஷ்டமாயிருந்தால் பகுதிநேரமாக மாற்றிக்கொள்ளலாமே" என்பார்கள். மாணவர் விசாவில் பகுதிநேரம் என்றால் வேலைக்கும் போக முடியாது, பிள்ளைக்கும் விசா இல்லை.

பலர் சறுக்குவது 'முழுப் பொறுப்பு உங்களுடையது' என்று நிரூபிக்கும் இடத்தில்தான். தகப்பன் எழுதித் தரும் சம்மதக் கடிதம் மட்டும் போதாது. கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். விவாகரத்தானால் பிள்ளை யார் பொறுப்பு என்று சொல்லும் நீதிமன்ற உத்தரவு. பிரிந்திருக்கிறீர்கள், வழக்கு முடியவில்லை என்றால்தான் சிக்கல். அப்போது உங்கள் பெயரில் உள்ள பள்ளிக் கட்டண ரசீதுகள், முடிவெடுப்பதும் கையெழுத்திடுவதும் நீங்களே என்று பள்ளி தரும் கடிதம், மருத்துவமனைப் பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தமிழில் உள்ளவற்றுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

பணம்: உங்கள் செலவுத்தொகை போக, பிள்ளைக்கு மாதம் 680 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 6,120, லண்டன் என்றால் 845 வீதம் 7,605. விண்ணப்பிக்கும் முன் தொகையை அரசுத் தளத்தில் சரிபாருங்கள். 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். நகையை அடகு வைத்துக் கடைசி வாரம் போட்ட பணம் எடுபடாது. விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம் ஆளுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

அரசுப் பள்ளி இலவசம். வந்தவுடன் முகவரிச் சான்றோடு கவுன்சிலில் (உள்ளாட்சி அலுவலகத்தில்) விண்ணப்பியுங்கள்; பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லாமலும் போகலாம். நர்சரிதான் கையைக் கடிக்கும். வாரம் 15 மணி நேர இலவசம் மூன்று வயது முடிந்த அடுத்த பருவத்தில், ஆண்டுக்கு 38 வாரம் மட்டுமே: ஜனவரி 5 பிறந்தநாள் என்றால் ஏப்ரலில்தான். வேலைக்குப் போகும் பெற்றோருக்கான 30 மணி நேரம் உங்களுக்குக் கிடையாது. சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கு அரசு தரும் உதவிப்பணம்) போடச் சொல்லும் உறவினர் பேச்சைக் கேட்காதீர்கள், அது விசா நிபந்தனையை மீறும்.

வேலை வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான்; வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சம்பளத்துக்கு வகுப்பெடுத்தால் அதுவும் இதில் சேரும். பிஎச்டிக்குக் கோடை விடுமுறை என்ற கணக்கில்லாததால் ஜூலையிலும் அதே 20தான். மேற்பார்வையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்ட விடுப்பு நாட்களில் மட்டும் கூடுதலாகச் செய்யலாம்.